டைமிங் பெல்ட் மாற்றிய பின் இழுவை போன டிரக்: ஒரு நிகழ்வு ஆய்வு

சரக்கு ஏற்றும் சிறிய டிரக் அது. வி6 பெட்ரோல் எஞ்சின்: மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு சிலிண்டர், ஒவ்வொரு வரிசையும் ஒரு பேங்க். பேங்குக்கு ஒரு கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு), இரண்டு கேம், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பல் வைத்த ஒரே நீளமான பெல்ட் சுற்றி வருகிறது. பெல்ட்டுக்கு வயதாகிவிட்டதென்று வேறொரு பட்டறையில் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல் என்று மொத்தமாக மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முன் வண்டியில் எந்தக் குறையும் இல்லை என்று உரிமையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் முதலில் குறித்துக்கொண்டது அதைத்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் வேலை முடிந்து வெளியே வரும்போது கெட்டிருந்தால், கை வைத்த இடத்தில்தான் தேடலைத் தொடங்க வேண்டும். அதே நேரம் பார்த்து ஃப்யூவல் பம்பும் போயிருக்குமோ என்ற யோசனையைக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம்.

புகார்கள் இவை. செல்ஃப் முன்பைவிட நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறது. ஐட்லிங்கில் எஞ்சின் நடுங்குகிறது. சுமையோடு மேடு ஏறும்போது இழுவையே இல்லை, ஆனால் நேர்ச்சாலையில் வேகம் பிடித்துவிட்டால் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. எஞ்சின் சூடானபின் சில சமயம் சட்டென்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டு அடித்தால் மறுபடி பிடிக்கிறது. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது.

பழைய பட்டறையிலும் சும்மா இருக்கவில்லை. பிளக், காயில் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். மேல் கவர்களைக் கழற்றி, கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று சரியான நிலையில் நிற்கின்றனவா என்று காட்டும் மார்க்கையும் சரிபார்த்திருக்கிறார்கள். "மார்க் எல்லாம் சரியாத்தான் இருக்கு, வேற ஏதோ பிரச்சினை" என்பது அவர்கள் சொன்ன முடிவு. அவர்கள் பொய் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. இந்த வண்டியை எழுதிவைக்கத் தோன்றியதற்குக் காரணமே அதுதான்.

கவரைத் திறப்பதற்கு முன்

பெல்ட் வேலைக்குப் பின் கோளாறு என்று வண்டி வந்தால் நேராக ஸ்பேனரை எடுத்துக் கவரைக் கழற்றுவது எனக்குப் பிடிக்காது. திறந்துவிட்டால் கண் மார்க்கைத்தான் தேடும். மார்க் ஏறக்குறைய நேராக இருந்தால் மனமும் சமாதானமாகிவிடும். அளந்து பார்த்து, இந்த பேங்க்கில் இந்த மாதிரிக் குறை என்று ஓரளவு உறுதியான பிறகு திறந்தால்தான் கண் ஏமாறாது.

வண்டியை ஓடவிடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பெல்ட் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதும் வகை எஞ்சினா, மோதாத வகையா? மோதும் வகையென்றால், சந்தேகம் தீரும்வரை செல்ஃப் அடிக்கக் கூடாது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் போல்ட்டில் சாக்கெட் வைத்துக் கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். எங்கேயாவது கெட்டியாகத் தட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்த வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் வந்தது. கையால் சுற்றியபோதும் தடை எதுவும் தெரியவில்லை.

அடுத்து, கழற்றிப் பூட்டிய வழி முழுவதும் ஒரு பார்வை. பெல்ட் மாற்ற வேண்டுமானால் ரேடியேட்டர் ஃபேன், ஏர் ஃபில்டர் குழாய், பல வயர் கனெக்டர்கள், சில வேக்யூம் குழாய்கள் எல்லாம் வழியிலிருந்து விலக வேண்டும். இவற்றில் ஒன்று மாட்டப்படாமல் விடப்படுவது, பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்து பல் தவறுவதைவிட அதிகமாக நடக்கிற காரியம். இந்த வண்டியில் காற்றளவு சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் குழாயின் கிளாம்ப் முறுக்கப்படாமல் தொளதொளவென்று இருந்தது. எஞ்சினின் முன்பக்கம் ஒரு எர்த் வயரும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் ஐட்லிங் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் நடுக்கம் போகவில்லை, இழுவையும் வரவில்லை.

எண்கள் சொன்ன கதை

ஸ்கேனரில் இரண்டு கோட், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதுக் குறியீடுகள், இருந்தன. பி0300, அதாவது பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. பி0335, கிராங்க் சென்சார் சுற்றில் கோளாறு. கிராங்குக்கும் கேமுக்கும் பொருந்தவில்லை என்று சொல்லும் பி0016 இல்லை. பல் தவறியிருந்தால் அந்தக் கோட் வந்திருக்குமே என்று பலரும் இங்கேயே டைமிங்கை விட்டுவிடுவார்கள். ஆனால் இந்த எஞ்சினில் கேம் சென்சார் பேங்க் 1-இல் மட்டும்தான் உண்டு. பேங்க் 2-இன் கேம் எங்கே நிற்கிறதென்று பார்க்கக் கம்ப்யூட்டருக்குக் கண்ணே கிடையாது. அந்தப் பக்கம் ஒரு பல் பின்தங்கினால் கோட் எதுவும் வராது, எஞ்சின்தான் தடுமாறும்.

அதனால் ஃப்யூவல் டிரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை, பார்த்தேன். ஐட்லிங்கில் பேங்க் 1 கூட்டல் 14 சதவீதம், பேங்க் 2 கழித்தல் 17 சதவீதம். இந்த எதிரெதிர்ப் போக்குதான் இந்த ஆய்வில் கிடைத்த முதல் நல்ல துப்பு. காற்று கசிவோ, பெட்ரோல் அழுத்தக் குறைவோ, காற்றளவு சென்சார் அழுக்கோ என்றால் இரண்டு பேங்கும் பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும். காற்றளவு சென்சார் எஞ்சினுக்குள் போகும் மொத்தக் காற்றைத்தான் அளக்கிறது. அந்த மொத்தத்தை வைத்து ஆறு சிலிண்டருக்கும் சமமாக பெட்ரோல் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஒரு பேங்க் சரியாக மூச்சு வாங்காவிட்டால் அங்கே காற்று குறைவு, பெட்ரோல் மட்டும் சம பங்கு. அதனால் அந்தப் பக்கம் பெட்ரோல் மிஞ்சுகிறது, கம்ப்யூட்டர் குறைக்கிறது. இன்னொரு பேங்கில் காற்று மிஞ்சுகிறது, அங்கே பெட்ரோலைக் கூட்டுகிறது. ஆக மூச்சுத்திணறல் பேங்க் 2-இல்.

எஞ்சின் காற்றை இழுக்கும் வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் அளக்கும் வேக்யூம் கேஜ் ஐட்லிங்கில் 14 அங்குலம் காட்டியது. கடல்மட்டத்துக்கு அருகில் நல்ல எஞ்சின் 17 முதல் 22 அங்குலம்வரை காட்டும். உயரம் ஏற ஏற, ஆயிரம் அடிக்கு சுமார் ஒரு அங்குலம் குறையும். முள் பெரிதாக ஆடாமல் தாழ்ந்தே நின்றது. ஒரு வால்வு எரிந்திருந்தால் முள் சீரான இடைவெளியில் சடக் சடக்கென்று விழும். தாழ்ந்து நிலைத்து நிற்கும் முள் வால்வு டைமிங் பின்தங்கியதையே பெரும்பாலும் காட்டும்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் அதை இன்னும் இறுக்கியது. பேங்க் 1-இன் மூன்று சிலிண்டரும் 175 பிஎஸ்ஐயை ஒட்டி. பேங்க் 2-இன் மூன்றும் 148-ஐ ஒட்டி. இங்கே கவனிக்க வேண்டியது குறைவை அல்ல, மூன்றும் ஒன்றுபோலக் குறைந்திருப்பதை. வால்வு வளைந்திருந்தால் மூன்று சிலிண்டரும் இவ்வளவு ஒற்றுமையாகக் கெடாது. இருந்தாலும் காற்றை ஏற்றிக் கசிவு பார்த்தேன். இரண்டு பேங்கும் ஒரே அளவில்தான் கசிந்தன, அதுவும் வழக்கமான அளவுக்குள். வால்வும் ரிங்கும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அப்படியென்றால் காற்று தப்பிப்போகவில்லை. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கப்படவில்லை. கேம் பின்தங்கினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருப்பதால் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகிறது. மெதுவாகச் சுற்றும்போது இந்த நஷ்டம் பெரிது. வேகமாகச் சுற்றும்போது காற்றோட்டத்தின் உந்துதல் அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். மேட்டில் இழுக்காத வண்டி நேர்ச்சாலையில் பரவாயில்லை என்று உரிமையாளர் சொன்னதற்கு விளக்கம் இதுதான். கேம் முன்னே போயிருந்தால் கதை தலைகீழ்: கம்ப்ரெஷன் கூடும், கீழ் வேகத்தில் சுறுசுறுப்பாகத் தெரியும், மேல் வேகத்தில் மூச்சு முட்டும்.

பெல்ட் ஏறும் பற்சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட். இந்த எஞ்சினில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு 24 பல், கேம் ஸ்ப்ராக்கெட்டுக்கு 48. ஒரு பல் தவறினால் கேமில் 7.5 டிகிரி, கிராங்க் கணக்கில் 15 டிகிரி. ஒரு பல்தானே என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் போதும்.

மார்க் எப்படிச் சரியாகத் தெரிந்தது?

பேங்க் 2 ஒரு பல் பின்தங்கியிருக்கிறது என்பதில் எனக்குக் கிட்டத்தட்டச் சந்தேகம் இல்லை. ஆனால் மேல் கவர்களைத் திறந்து மார்க்கைப் பார்த்த மெக்கானிக்குக் கண்ணா இல்லை? கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் விலகல் நன்றாகவே தெரியும்.

விடையைத் தொட்டுக் காட்டியது டைமிங் லைட், அதாவது ஸ்பார்க் விழும் கணத்தில் மின்னி புல்லி மார்க்கைக் காட்டும் விளக்கு. கம்ப்யூட்டரை அடிப்படை டைமிங்கில் நிறுத்தி வைத்தபோது, பிஸ்டன் உச்சிக்கு 10 டிகிரி முன்பே ஸ்பார்க் விழுகிறது என்றது ஸ்கேனர். கிராங்க் புல்லியில் லைட்டை அடித்தால் மார்க் 17, 18 டிகிரியில் நின்றது. இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், இந்த எஞ்சினில் கிராங்க் சென்சாரிலிருந்து வருகிறது. கேம் பல் தவறினாலும் அது மாறாது. அப்படியானால் சென்சார் பார்க்கும் பல்தகடு இடம் மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் புல்லியில் இருக்கும் மார்க்கே இடம் மாறியிருக்க வேண்டும்.

(பழைய டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சின்களில் இந்தச் சோதனையை இப்படியே நம்ப முடியாது. அங்கே டிஸ்ட்ரிபியூட்டரைக் கேமே ஓட்டினால், கேம் தவறும்போது இக்னிஷனும் சேர்ந்து தவறும். சிலர் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி லைட்டில் சரியாக்கிவிடுவார்கள். ஸ்பார்க் சரியாகிவிடும், வால்வு டைமிங் அப்படியே தவறாக இருக்கும். வண்டியும் பாதி தேறிவிடும். அப்புறம் அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.)

கிராங்க் புல்லி ஒரே இரும்புத் துண்டு அல்ல. நடுவே ஒரு ஹப், வெளியே கனமான வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். அதிர்வைக் குறைப்பதற்காக அப்படி. ஆண்டுகள் போகப்போக, எண்ணெய் பட்டுப் பட்டு, அந்த ரப்பரின் பிடி தளரும். ஆல்டர்னேட்டரும் ஏசி கம்ப்ரெசரும் ஸ்டியரிங் பம்பும் வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருப்பதால், வளையம் ஹப்பைவிடக் கொஞ்சம் பின்தங்கி நகர்ந்துவிடும். டைமிங் மார்க் வெட்டப்பட்டிருப்பது அந்த வளையத்தில்தான்.

நகர்ந்திருக்கிறதா என்பதை உறுதிசெய்ய உண்மையான டிடிசியை, அதாவது பிஸ்டன் உச்சியை, பிஸ்டனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் நீட்டுக் கம்பியோடு டயல் கேஜைப் பொருத்தினேன். கையால் கடிகாரத் திசையில் மட்டும் சுற்றினேன். பெல்ட் எஞ்சினைப் பின்னோக்கிச் சுற்றினால் தொய்வு டென்ஷனர் இல்லாத பக்கத்துக்கு வந்துவிடும், பல் தாவ வாய்ப்பு உண்டு. பிஸ்டன் உச்சிக்கு 1 மில்லிமீட்டர் கீழே வரும்போது புல்லியில் ஒரு கோடு. உச்சியைத் தாண்டி அதே 1 மில்லிமீட்டர் இறங்கியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவேதான் உண்மையான டிடிசி. உச்சியிலேயே வைத்துப் பார்க்க முயன்றால் பிஸ்டன் அங்கே சில டிகிரிக்கு அசையாததுபோலத் தெரியும், துல்லியம் கிடைக்காது.

நடுக்கோட்டுக்கும் புல்லியின் பூஜ்ய மார்க்குக்கும் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள புல்லியில் அது ஏறக்குறைய 7.5 டிகிரி. புல்லி பூஜ்யம் காட்டும்போது கிராங்க் உண்மையில் டிடிசியைத் தாண்டி 7.5 டிகிரி போயிருக்கிறது. லைட்டில் தெரிந்த வித்தியாசமும் அதே அளவு.

இப்போது பழைய மெக்கானிக் பார்த்த காட்சியை அப்படியே போட்டுப் பார்க்கலாம். அவர் புல்லி மார்க்கைப் பூஜ்யத்தில் வைத்தார். கிராங்க் 7.5 டிகிரி முன்னே போனதால் கேம்கள் அதில் பாதி, 3.75 டிகிரி, முன்னே போயிருக்கும். சரியாக மாட்டப்பட்ட பேங்க் 1 கேம், மார்க்கை அரைப் பல் தாண்டி நிற்கும். ஒரு பல் பின்தங்கிய பேங்க் 2 கேம், மார்க்குக்கு அரைப் பல் முன்பாகவே நிற்கும். ஒன்று அந்தப் பக்கம் அரைப் பல், மற்றது இந்தப் பக்கம் அரைப் பல். ரேடியேட்டரைக் கழற்றாமல் மேலிருந்து சாய்வாக எட்டிப் பார்ப்பவருக்கு இரண்டுமே 'ஏறக்குறைய சரி'. பெல்ட்டை ஒரு பல் மாற்றினால் அந்தப் பக்கம் இன்னும் விலகிவிடுமோ என்ற பயமும் இருக்கும். அப்படியே மூடிவிட்டார்கள். நகர்ந்த புல்லி ஒரு பல் தவறை இரண்டு பேங்குக்கும் சமமாகப் பங்குபோட்டு மறைத்துவிட்டது.

பெல்ட் மாட்டும்போது நம்ப வேண்டிய மார்க் புல்லியில் இருப்பது அல்ல. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் இருப்பதும், அதற்கு நேரே ஆயில் பம்ப் உடலில் இருப்பதும்தான். ஆனால் அதைப் பார்க்கப் புல்லியையும் கீழ்க் கவரையும் கழற்ற வேண்டும். சரிபார்க்கத் திறந்தபோது அந்த வேலையை யாரும் செய்யவில்லை.

திறந்தபின்

புல்லியைக் கழற்றி ஸ்ப்ராக்கெட் மார்க்கை வைத்துப் பார்த்தால் எல்லாம் கணக்குப்படியே இருந்தது: பேங்க் 1 அச்சாகப் பொருந்தியது, பேங்க் 2 முழுசாக ஒரு பல் பின்னால். ஸ்ப்ராக்கெட்டைக் கிராங்கில் நகராமல் பிடிக்கும் சிறு துண்டான கிராங்க் கீயும் அதன் காடியும் நன்றாக இருந்தன. இதைப் பார்க்காமல் விடக் கூடாது. கிராங்க் போல்ட் போதிய முறுக்கில் இறுக்கப்படாவிட்டால் ஸ்ப்ராக்கெட் அசைந்து அசைந்து கீயைத் தின்றுவிடும். அப்போது டைமிங் நிலையாகவே இருக்காது.

ஒரு பல் எப்படித் தவறியிருக்கும்? இந்த வகை வி எஞ்சினில் மார்க்கில் நிற்கும்போது ஒரு கேம் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஊசலாடிக்கொண்டிருக்கும். பெல்ட் எடுத்ததும் சட்டென்று திரும்பப் பார்க்கும். இரண்டு கேமுக்கும் நடுவே உள்ள மேல் பகுதியில் பெல்ட் சற்றே தொய்வாக விடப்பட்டிருந்தால், டென்ஷனரை அமுக்கிப் பிடித்திருக்கும் பூட்டு ஊசியை (பின்) உருவியதும் பார்க்கச் சரியாக இருக்கும். இரண்டு சுற்று சுற்றும்போது அந்தத் தொய்வு இழுக்கப்பட்டு, பின்னால் வரும் கேம் ஒரு பல் தங்கிவிடும். சுற்றுவதற்கு முன் மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது.

மறுபடி மாட்டும்போது கிராங்கிலிருந்து தொடங்கி, பெல்ட்டை இழுக்கும் பக்கத்தை எங்கும் தொய்யவிடாமல், ஒவ்வொரு ஸ்ப்ராக்கெட்டிலும் காகித கிளிப்பால் பிடித்துவைத்துக்கொண்டே போய், மிச்சத் தொய்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் சேர்த்தேன். பெல்ட் புதிது, எண்ணெய் படவில்லை, அதனால் ஓடிய திசையைக் குறித்து அதையே போட்டேன். டென்ஷனரின் தண்டு கையால் அழுத்தினால் உள்ளே போகவில்லை, எண்ணெயும் கசியவில்லை, அதுவும் அப்படியே. தண்டை உள்ளே தள்ளிப் பின் போடும்போது வைஸில் மெதுவாக, நிற்க நிறுத்தி அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் சீல் போய்விடும்.

பின்னை உருவி, கையால் இரண்டு முழுச் சுற்று. கேம் ஒரு சுற்று வரக் கிராங்க் இரண்டு சுற்ற வேண்டும் என்பதால்தான் இரண்டு. மார்க்குகள் மூன்றும் வந்து பொருந்தின. பெல்ட்டின் முதுகில் அச்சடித்த கோடுகள் இப்போது எங்கோ போயிருக்கும். அவை மாட்டும் நேரத்துக்கு மட்டும்தான். சுற்றிய பிறகு அவற்றைப் பார்த்துப் பதறி பெல்ட்டை மறுபடி கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

சூடானதும் நிற்கும் பிரச்சினைக்கு விடை அதே இடத்தில் கிடைத்தது. கிராங்க் சென்சாரின் வயர் கீழ்க் கவரின் விளிம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே நசுங்கி, மேலுறை வெட்டுப்பட்டிருந்தது. இதை ஏற்கெனவே எதிர்பார்த்திருந்தேன். எஞ்சின் நிற்கும் நேரத்தில் ஸ்கேனரில் ஆர்பிஎம் படிப்படியாக இறங்கவில்லை. எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே எண் நேராகப் பூஜ்யத்துக்கு விழுந்தது. பெட்ரோல் நின்று எஞ்சின் சாகும்போது எண் இறங்கும். சென்சார் சிக்னல் அறுந்தால் இப்படி விழும். வயரைச் சரிசெய்து, அதற்கென்று இருக்கும் கிளிப்பில் போட்டுப் பூட்டினேன்.

புல்லி புதிது போட்டாயிற்று. பழையதில் ஹப்பிலிருந்து வளையம்வரை பெயின்ட்டில் ஒரு நேர்க்கோடு போட்டுவைத்திருந்தால் நகர்வு எப்போதோ தெரிந்திருக்கும். புதியதில் அந்தக் கோட்டைப் போட்டே மாட்டினேன். வாட்டர் பம்ப் மாற்றிய வண்டி என்பதால் கூலன்ட்டில் காற்று அடைத்திருக்கிறதா என்றும் பார்த்தேன். ஹீட்டரில் சூடான காற்று வந்தது, அங்கே பிரச்சினை இல்லை.

முடிவு: செல்ஃப் தொட்டதும் பிடித்தது. வேக்யூம் 19 அங்குலம். பேங்க் 2 கம்ப்ரெஷன் 170-ஐத் தாண்டியது. ஓட்டிப் பார்த்துத் திரும்பியபின் டிரிம் இரண்டு பேங்கிலும் 4 சதவீதத்துக்குள். டைமிங் லைட்டும் ஸ்கேனரும் ஒரே எண்ணைச் சொன்னன.

மிச்சம் இருந்த ஒரே கவலை பேங்க் 2-இன் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். மிஸ்ஃபயரோடு ஓடிய நாட்களில் எரியாத பெட்ரோல் அதற்குள் போய்ச் சூட்டில் அதைக் கெடுத்திருக்கலாம். பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரின் அளவு முன்பக்கத்தோடு சேர்ந்து குதிக்காமல் நிதானமாகவே இருந்தது, பின்னழுத்தமும் இல்லை. இப்போதைக்கு நல்ல நிலையில் இருக்கிறது. இருந்தாலும் கன்வெர்ட்டர் சம்பந்தமான பி0430 கோட் பின்னால் எப்போதாவது வந்தால் அதன் தொடக்கம் இங்கேதான் என்று வேலைச் சீட்டில் எழுதி உரிமையாளரிடம் கொடுத்தேன்.